தரங்கம்பாடி: அரை நாளா, மூன்று நாளா?

மதுரைக்காரி:
டிசம்பர் லீவுக்கு அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகளோடு தரங்கம்பாடியில் மூன்று நாள் தங்க நினைக்கிறோம். "கோட்டையை விட்டா அங்க ஒண்ணுமில்ல, மாமல்லபுரம் போ" என்கிறார் அண்ணன். போய்வந்தவர்கள் சொல்லுங்க.

சோழநாடன்:
அண்ணன் சொல்வதுதான் சரி. கோட்டை, சர்ச், கடலோரக் கோயில் எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். பிள்ளைகள் கடலில் இறங்கணும்னு அடம்பிடிப்பார்கள், இறக்க முடியாது. அலை இழுக்கும், கரை நெடுக பாறாங்கல். நாங்கள் போனபோது இரண்டாம் நாள் மதியமே என் பையன் வீட்டுக்குப் போகலாம்னு அழுதான். மாமல்லபுரத்தில் ரதங்கள், கடற்கரைக் கோயில், சாப்பாட்டுக்கடைகள் எல்லாம் கைக்கெட்டும் தூரம்.

கடலோரத்தான்:
நான் அந்தப் பக்கத்து ஆள். மூன்று மணி நேரம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை சார். தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கர் அனுமதியோடு 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை அது. 1845-ல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். 1706-ல் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு இங்கே இருந்துதான் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். தமிழ் படிக்கிற பிள்ளைக்கு இதைவிட என்ன காட்டணும்? அவர் கட்டிய 1718-ஆம் வருஷத்து சர்ச்சிலேயே அவர் கல்லறையும் இருக்கு.

மாசிலாமணிநாதர் கோயிலுக்குப் போய்ப் பாருங்க. 1306-ல் குலசேகர பாண்டியன் காலத்துக் கல்வெட்டு உள்ள கோயில், முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. 2004 சுனாமிக்கு அப்புறம் எங்களுக்குக் கடல் வெறும் காட்சிப் பொருள் இல்லை. காலை ஆறு மணிக்கு அங்கே நின்றால்தான் அது புரியும். பகலில் வந்து பகலில் போகிறவர்களுக்கு அந்த நேரம் கிடைப்பதே இல்லை.

சோழநாடன்:
வரலாற்றை நான் மறுக்கவில்லை. எட்டு வயசுப் பிள்ளை கல்வெட்டைப் பார்த்து மூன்று நாள் உட்காருமா? அதோடு டிசம்பர்! வடகிழக்குப் பருவமழை. புயல் சின்னம் ஒன்று வந்தால் பெரியவர்களோடு அறைக்குள்ளேயே கிடக்கணும். அதை ஏன் சொல்லவில்லை?

கடலோரத்தான்:
மழை விஷயத்தில் நீங்க சொல்வது நியாயம். முடிந்தால் பொங்கல் கழித்து வாங்க. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது, நல்ல மீனுக்கு ஆசைப்பட்டால் அப்போது வேண்டாம். ஆனால் ஆபத்தான கடல் எங்களுக்கு மட்டுமில்லையே? மாமல்லபுரத்திலும் குளிக்கப் போய் உயிர் போயிருக்கிறது.

மூன்று நாளும் தரங்கம்பாடிக்குள்ளேயே சுற்றச் சொல்லவில்லை. அறையை இங்கே போடுங்க. பத்துக் கிலோமீட்டருக்குள் திருக்கடையூர், அப்பாவுக்கு எழுபது நெருங்கினால் அந்த வயசுக்குச் செய்கிற பீமரத சாந்திச் சடங்கையும் அங்கே கோயிலில் முடித்துக்கொள்ளலாம். வடக்கே பூம்புகார், காவிரி கடலில் சேர்கிற இடம். தெற்கே காரைக்கால், அம்மையார் பிறந்த ஊர்.

மதுரைக்காரி:
அப்பாவுக்கு வரும் தை மாதம் எழுபது! இது எனக்குத் தோன்றவே இல்லை. அப்போ டிசம்பரை விட்டுவிடுகிறோம்.

சோழநாடன்:
திருக்கடையூருக்காக என்றால் போய்வாங்க, தடுக்கமாட்டேன். அப்படியும் தரங்கம்பாடியில் ஓர் இரவுக்குமேல் அறை போடாதீங்கம்மா. பிள்ளைகளைக் கடல் பக்கம் தனியாக விடவே விடாதீங்க.