பெட்ரோமாக்ஸ் விளக்கில் காற்று நிற்கவில்லை: கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி (கடலூர், தேவனாம்பட்டினம்)

வணக்கம். எங்கள் தாத்தா வைத்திருந்த பித்தளைப் பெட்ரோமாக்ஸ் ஒன்று பரணில் இருந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்து, மின்சாரம் இல்லாமல் கிடந்த இரவுகளில் எங்கள் தெருவுக்கு அதுதான் வெளிச்சம். அதன் பிறகு யாரும் தொடவில்லை. சென்ற வாரம் இறக்கி, துலக்கி, புது மேன்டில் (சூடேறி ஒளிரும் வலைத்துணி) கட்டினேன். ஐம்பது அறுபது முறை பம்பு அடித்தால் காற்றழுத்தம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொடுகிறது. ஆனால் பத்தே நிமிடத்தில் இறங்கி, மேன்டில் மஞ்சளடித்து மங்கிவிடுகிறது. பம்பின் தோல் வாஷரை மாற்றியும் பயனில்லை. பம்புப் பிடியைப் பூட்டாமல் விட்டால் அது தானாக மேலே எழும்புவதையும் பார்த்தேன். கடைக்காரர் தொட்டியையே மாற்றச் சொல்கிறார். எனக்கு மனம் வரவில்லை.

பதில் (கடலூர் முதுநகர்)

தம்பி, தொட்டியை மாற்றாதீர்கள். பிடி தானாக எழும்புகிறது என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, உங்கள் விளக்கின் நோய் அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது. தோல் வாஷரின் வேலை காற்றை உள்ளே தள்ளுவது மட்டும்தான். தள்ளிய காற்றைத் திரும்ப விடாமல் தடுப்பது பம்புக் குழாயின் அடியில் இருக்கும் சிறு வால்வு. அந்த வால்வு சரியாக அடைத்தால், தோல் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் ஏற்றிய காற்று இறங்காது. பம்புத் தண்டை உருவித் தோலை முகர்ந்து பாருங்கள். மண்ணெண்ணெய் நாற்றமும் ஈரமும் இருந்தால் வால்வு விடுகிறது என்பது உறுதி.

முதலில் மூடியிலுள்ள திருகைத் தளர்த்திக் காற்று முழுவதையும் வெளியேற்றிவிட்டு, எண்ணெயையும் வடித்துவிடுங்கள். பிறகு வால்வின் தலையிலுள்ள பிளவில் சரியாகப் பொருந்தும் நீண்ட திருப்புளியால் அதைக் கழற்றுங்கள். பித்தளை மென்மையானது, பொருந்தாத திருப்புளியை வைத்து அழுத்தினால் பிளவு சிதைந்து, பின்பு எதற்கும் அசையாது. உள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங்கும், பட்டாணியைவிடச் சிறிய அடைப்பான் ஒன்றும் இருக்கும். அது கெட்டித்துப்போய், நடுவில் வட்டமாகத் தழும்பு விழுந்திருக்கும். அதை மாற்றினால் போதும்.

பதில் (புதுச்சேரி)

மேலே ஐயா சொன்னது சரி. ஆனால் அடைப்பானுக்குச் சைக்கிள் ட்யூபை வெட்டி வைத்துவிடாதீர்கள். நான் ஒருமுறை அப்படித்தான் செய்தேன். இரண்டே வாரத்தில் அது மண்ணெண்ணெயில் ஊறி உப்பி, வால்வு திறக்காமல் சிக்கிக்கொண்டது. நைட்ரைல் அல்லது விட்டான் ரப்பர் கேட்டு வாங்குங்கள். இங்கே மகாத்மா காந்தி சாலை ஞாயிறு சந்தையில் பழைய விளக்குச் சாமான் விற்பவர்களிடம் சில வேளைகளில் முழு வால்வே கிடைக்கும்.

வால்வை மாற்றிய பிறகும் முள் இறங்கினால், விளக்கைக் கொளுத்தாமல் காற்று மட்டும் ஏற்றி, மூடியைச் சுற்றியும், காற்றுத் திருகின் நுனியிலும், பர்னர் தொட்டியோடு சேரும் இடத்திலும் சோப்பு நுரையைத் தடவுங்கள். கசியும் இடத்தில் குமிழி வரும். பர்னர் அடியில் இருப்பது ஈய வாஷர். ஒருமுறை நசுங்கியதைத் திரும்ப முறுக்குவதைவிடப் புதிதாகப் போடுவதே நல்லது. தொட்டியின் ஒட்டிலேயே குமிழி வந்தால் மட்டும் பற்றவைப்பு தேவைப்படும். அதை வீட்டில் செய்ய வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். காலித் தொட்டி என்று நினைத்து நெருப்பைக் காட்டினால், உள்ளே நிற்கும் எண்ணெய் ஆவி வெடிக்கும். கடலோர வீடுகளில் உப்புக் காற்றினால் அடிப்பகுதியில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். அதைச் சுரண்டிவிட்டு நுரை தடவினால்தான் உண்மை தெரியும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. தோல் முழுக்க மண்ணெண்ணெயில் நனைந்திருந்தது. அடைப்பானில் ஐயா சொன்ன அதே வட்டத் தழும்பும் இருந்தது. புதியதைப் போட்ட பின்பு மூடி வாஷரில் மட்டும் சிறு குமிழி வந்தது, அதையும் மாற்றினேன். நேற்று மாலை ஆறரை மணிக்கு ஏற்றிய விளக்கை எட்டு மணி வரை எரியவிட்டேன். நடுவில் ஒரு முறைதான் பம்பு அடிக்க வேண்டியிருந்தது. அம்மா அடுப்படியிலிருந்து வந்து, "அதே சத்தம்" என்று சொல்லி அந்த உஸ்ஸென்ற ஓசையைக் கேட்டுக்கொண்டே நின்றார்.