பணம் கொடுப்பது நான், ஆனால் கடையில் பேசுவது என் தங்கையிடம். என்ன செய்யலாம்?

வைகைக்கரை:
வணக்கம். நான் வீல்சேரில் இருப்பவள், வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிறேன். வீட்டுக் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கத் தங்கையோடு மதுரையில் ஒரு பெரிய துணிக்கடைக்குப் போனேன். கடை பெயர் வேண்டாம், பல கடைகளில் இதே நிலைதான். வாசலில் படி. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செக்யூரிட்டி இரண்டு பேர் வந்து நாற்காலியோடு தூக்க ஆரம்பித்துவிட்டார்கள். பல வீல்சேர்களில் கை வைக்கும் பகுதி கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்கும், அதைப் பிடித்துத் தூக்கினால் கையோடு வந்துவிடும், ஆள் கீழே. எங்கே பிடிக்க வேண்டும் என்று கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

பட்டுப் பிரிவு மாடியில். லிஃப்டில் கூட்டம், "நீங்க இங்கேயே இருங்க, நாங்க கீழே கொண்டு வந்து காட்டுறோம்" என்றார்கள். கொண்டு வந்தது அவர்களாகப் பார்த்து எடுத்த ஏழெட்டுப் புடவைகள். மற்ற எல்லாரும் நூறு புடவையைப் பிரித்துப் போடச் சொல்லிப் பார்த்து எடுக்கிறார்கள், எனக்கு மட்டும் ஏழெட்டு. அதிலும் சேல்ஸ்மேன் முழுக்க முழுக்கத் தங்கையையே பார்த்து "அக்காவுக்கு என்ன கலர் பிடிக்கும், எந்த ரேட்டில் பார்க்கணும்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்!

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அது எனக்கும் தெரியும். ஆனாலும் வலிக்கிறது. இதைக் கடைக்காரர்களிடம் எப்படிச் சொன்னால் எடுபடும்? சட்டத்தில் ஏதாவது இடம் இருக்கிறதா?

கோவைக்குரல்:
சகோதரி, எனக்குப் பார்வை இல்லை. மனைவியோடு போனால் "சாருக்குக் காபியா டீயா" என்று அவளைத்தான் கேட்பார்கள், அதனால் நீங்கள் எழுதியது அப்படியே புரிகிறது. இப்போது நானே முதலில் பேச்சை ஆரம்பித்துவிடுகிறேன்: "வாங்குறது நான், என்கிட்ட சொல்லுங்க". குரல் உயர்த்தாமல் சொன்னால் பெரும்பாலும் உடனே மாறிவிடுகிறார்கள்.

என் பெரிய தலைவலி கல்லாதான். 100, 200, 500 ரூபாய் நோட்டுகள் எல்லாம் ஒரே அகலம், 66 மில்லிமீட்டர். நீளத்தில் ஒன்றுக்கொன்று 4 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஓரத்தில் தடவிப் பார்க்கக் கோடுகள் இருக்கின்றன, நோட்டு பழசானால் தேய்ந்துபோகும். 2020-இல் ரிசர்வ் வங்கி 'மணி' என்று ஒரு செயலி விட்டது, போன் கேமராவில் காட்டினால் என்ன நோட்டு என்று சொல்லும், நல்ல விஷயம்தான். ஆனால் பின்னால் வரிசை நிற்கும்போது ஒவ்வொரு நோட்டாகக் காட்டிக்கொண்டிருந்தால் சும்மா விடுவார்களா? மீதி கொடுக்கும்போது "இது இருநூறு, இது நூறு" என்று வாய்விட்டுச் சொல்லிக் கையில் வைத்தால் போதும், கடைக்கு ஒரு பைசா செலவு இல்லை.

அப்புறம் இந்தத் தொடுதிரை ஸ்வைப் மிஷின். பட்டன் இருந்த காலத்தில் ஐந்தாம் எண்ணின் மேல் இருக்கும் புள்ளியைத் தடவி நானே பின் நம்பர் போட்டேன். இப்போது கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கிறது, கேஷியர் "நம்பரைச் சொல்லுங்க சார், நான் போட்டுக்கிறேன்" என்கிறார், அத்தனை பேர் முன்னால்! யுபிஐ வந்தபிறகு கொஞ்சம் நிம்மதி. போன் எனக்குப் படித்துச் சொல்கிறது, பணம் வந்ததைக் கடையில் இருக்கும் பெட்டியும் சொல்கிறது. க்யூஆர் அட்டை எங்கே இருக்கிறது என்று மட்டும் யாராவது எடுத்து நீட்ட வேண்டும்.

ஆணிக்கடை:
கும்பகோணம் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். ஆளிடம் நேராகப் பேசுவது, கேட்டுவிட்டுத் தொடுவது, இதற்கெல்லாம் எந்தக் கடையும் சாக்குச் சொல்ல முடியாது. படி விஷயம் மட்டும் எங்கள் பக்கத்தையும் பாருங்கள். ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போடுகிறார்கள், மழைத்தண்ணீர் உள்ளே வருகிறது, அதனால் கடையை உயர்த்திக் கட்டுகிறோம். சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில் இருக்க வேண்டும் என்பார்கள். என் கடை இரண்டடி உயரம், அப்படியானால் 24 அடி நீளம் வேண்டும். வாசலுக்கு முன்னால் ஆறடியில் சாக்கடை, அதைத் தாண்டினால் ரோடு. கீழே ஒரு காலிங் பெல் வைத்திருக்கிறேன், அடித்தால் ஆள் இறங்கி வந்து வேண்டியதைக் கேட்டுக் கொடுப்பார்.

சட்டம்_தெரிஞ்சவன்:
@வைகைக்கரை, இடம் இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு அலுவலகத்துக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. பொதுமக்கள் வந்துபோகும் தனியார் வணிகக் கட்டடமும் அதில் வருகிறது. பழைய கட்டடங்களைச் சரிசெய்யக் கொடுத்த ஐந்து வருடம், 2017 ஜூனில் விதிகள் வந்ததிலிருந்து எண்ணினால், 2022-லேயே முடிந்துவிட்டது. மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம், மறுபடியும் மீறினால் 50,000-இலிருந்து 5 லட்சம் வரை. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தொடர்பான விதி வெறும் பரிந்துரை மாதிரி இருக்கிறது, கட்டாயமான விதிகள் வேண்டும் என்று சொல்லி மத்திய அரசுக்கு மூன்று மாதம் கெடு கொடுத்தது.

முதலில் கடை நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். பதில் வராவிட்டால் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கும் ஒன்று அனுப்புங்கள். வாசல் போட்டோ, பில், தேதி எல்லாம் சேர்த்து வையுங்கள்.

வைகைக்கரை:
எல்லாருக்கும் நன்றி. @ஆணிக்கடை அண்ணா, உங்கள் அக்கறை புரிகிறது, ரோடு உயர்கிற பிரச்சினை எங்கள் தெருவிலும் உண்டு. ஆனால் வெயிலில் ரோட்டோரம் நின்று, பார்க்காத பொருளுக்குப் பணம் கொடுக்க வேண்டியிருக்கிறதே, எனக்கு அது போதாது. குழாய்க்கு எந்த வாஷர் பொருந்தும் என்று நானும் தடவிப் பார்த்துத்தான் வாங்குவேன். வெளியே இடம் இல்லையென்றால் கடைக்குள்ளேயே தரையை வெட்டி, திரும்பி ஏறுகிற மாதிரி சாய்தளம் போட முடியுமா என்று ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் இடம் போகும், தெரியும். ஏழு மாடி கட்டுகிற துணிக்கடைக்கு அந்தக் கஷ்டமும் இல்லை.

கடைக்குக் கடிதம் எழுதப்போகிறேன். பக்கவாட்டு வாசலில் சாய்தளம், லிஃப்டில் வீல்சேருக்கு முதலிடம், ஊழியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி, அதுவும் எங்களில் ஒருவரைக் கூப்பிட்டு நடத்துகிற பயிற்சி. இவ்வளவுதான் கேட்கப்போகிறேன்.

கோவைக்குரல்:
பில் போடும் இடத்தில் பட்டன் வைத்த மிஷின் ஒன்றும் வேண்டும் என்று அதிலேயே சேர்த்துவிடுங்கள் சகோதரி. என் கையெழுத்தும் போடுகிறேன்.