பாதியில் அறுந்து நிற்கும் பக்கம், எரர் பேஜ் வரவில்லை: உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு ஆர்டர் பட்டியல் காட்டும் செயலியை ஜேஎஸ்பியில் (ஜாவாவில் வலைப்பக்கம் உருவாக்கும் முறை) எழுதியிருக்கிறேன், டாம்கேட் என்ற சர்வரில் ஓடுகிறது. பிடிபடாத எக்ஸெப்ஷன் (நிரல் ஓடும்போது வரும் பிழை) வந்தால் காட்ட எரர் பேஜும் வைத்திருக்கிறேன். சின்னப் பட்டியலில் பிழை வந்தால் அந்த எரர் பேஜ் சரியாக வருகிறது. தைப்பூச ஆர்டர்கள் போல நீண்ட பட்டியலில்தான் சிக்கல்: கடைசி வரிசையில் பெயர் இருக்கிறது, விலை இல்லை, அதோடு பக்கம் அறுந்து நிற்கிறது. ஸ்டேட்டஸும் 500 (சர்வர் பிழை) இல்லை, 200 (எல்லாம் சரி). கடைக்கார அக்கா அதையே முழுப் பட்டியல் என்று நம்பி மாலை கட்டிவிட்டார். அதுதான் மனதை உறுத்துகிறது.

ஜேஎஸ்பி பஃபர் (பதிலை அனுப்புமுன் சேர்த்து வைக்கும் இடம்) இயல்பாக 8 கேபி. அது நிரம்பிப் பதில் கிளம்பிவிட்டால் அப்புறம் எரர் பேஜுக்கு மாற வழியில்லை என்பது புரிகிறது. 64 கேபி ஆக்கிப் பார்த்தேன், அதைவிடப் பெரிய பட்டியலில் மறுபடி அதே கதை. தரவை எல்லாம் சர்வ்லெட்டிலேயே (ஜேஎஸ்பிக்கு முன் ஓடும் ஜாவா நிரல்) எடுத்து முடித்துவிட்டு ஜேஎஸ்பிக்கு அனுப்புவதுதான் சரியான முறையா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.