ஓணமும் தீபாவளியும் ஒரே வீட்டில்: பண்டிகைச் சேமிப்புக்கு மாதம் எவ்வளவு போடலாம்?

எல்லைச்சாவடி கேட்டது:

வணக்கமுங்க. பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்க அயல்கூட்டத்துல (பெண்கள் சேமிப்புக் குழுவுல) 12 பேர். அத்தனையும் தமிழ்க் குடும்பம்தான். ஆனா ஓணத்துக்கும் புதுத்துணி எடுக்கோணும், தீபாவளிக்கும் எடுக்கோணும். ஜனவரியில இருந்து பண்டிகைக்குன்னு தனியா ஒரு சேமிப்பு தொடங்கறோம். மாசம் 500 போதும்னு ஒருத்தங்க சொல்றாங்க, 2,000 இல்லாம ஆகாதுன்னு இன்னொருத்தங்க.

பாதி வீட்டுல ஆம்பளைங்க பொள்ளாச்சி, கோயமுத்தூர் பக்கம் மில்லு வேலைக்குப் போறாங்க. நாலு பேர் தொழிலுறுதி வேலை, அதாங்க நூறு நாள் வேலை. ஒரு வீட்டுல கேரள அரசுச் சம்பளம். 5 பேர் உள்ள ஒரு வீட்டுக்கு நிஜமா எவ்வளவு ஆகுதுன்னு எப்படிக் கணக்குப் போடறது? பணமாக் குடுக்கறதா, பொருளாக் குடுக்கறதா? எங்க கணக்கு தவறும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கல்லாக்கணக்கு எழுதியது:

தொகையை முதலில் முடிவு செய்துவிட்டுப் பட்டியலை அதற்குள் திணித்தால் ஆவணியிலேயே உடைந்துவிடும். முதலில் அளந்து பாருங்கள்.

ஒவ்வொரு வீட்டிலும் ஓண மாதம், தீபாவளி மாதம் இரண்டின் மொத்தச் செலவையும் எழுதச் சொல்லுங்கள். மளிகைப் பற்று நோட்டு, ஜிபே பட்டியல், துணிக்கடை பில் இருந்தால் போதும். அதிலிருந்து பண்டிகை இல்லாத ஒரு மாதச் செலவைக் கழிக்க வேண்டும். அந்தச் சாதாரண மாதமாக ஜூனை எடுக்காதீர்கள். பள்ளி திறக்கும் மாதம், நோட்டும் யூனிஃபார்மும் சேர்ந்து கணக்கை ஏமாற்றும். ஜூலையும் வேண்டாம். ஆடித் தள்ளுபடிக்குப் பொள்ளாச்சி போய் எடுத்த துணி பெரும்பாலும் ஓணத்துக்கானது. அதைப் பண்டிகைச் செலவில்தான் சேர்க்க வேண்டும். பிப்ரவரிதான் சுத்தமான மாதம்.

எடுத்துக்காட்டுக்கு: பிப்ரவரி 18,000, ஓண மாதம் 29,000. வித்தியாசம் 11,000. இத்தோடு நிறுத்தினால் தப்பு. ஓணத்துக்கு வாங்கிய அரிசி, சர்க்கரை, எண்ணெயில் மிச்சம் இருக்கும். அடுத்த மாத மளிகை குறையும். அந்த மாதம் 16,500 ஆனால், 1,500 ஏற்கெனவே வாங்கி வைத்ததுதான். ஆக உண்மையான பண்டிகைச் செலவு 9,500. இந்த ஒரு படியை விட்டுவிடுவதால்தான் பல வீடுகளில் “ஓணத்துக்கே எல்லாம் போச்சு” என்ற பேச்சு வருகிறது.

தவணையில் வாங்கியதற்கு இதன் மறுபக்கம். ஃபிரிட்ஜ் வாங்கிய மாதத்தில் முதல் தவணை மட்டும்தான் செலவாகத் தெரியும். டிவி, ஃபிரிட்ஜ், நகை மூன்றையும் இந்தச் சேமிப்புக்குள் கொண்டுவராதீர்கள். இதில் துணி, சாப்பாடு, பூ, பட்டாசு, பலகாரம், போக்குவரத்து மட்டும் இருக்கட்டும்.

2025 பில்களை அப்படியே நம்ப வேண்டாம். திருவோணம் செப்டம்பர் 5-ல் வந்தது. ஜிஎஸ்டி குறைப்பு செப்டம்பர் 22-ல் நடைமுறைக்கு வந்தது. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவி, ஏசிக்கு 28 சதவீதம் 18 ஆனது. நெய் 12-லிருந்து 5. சோப்பு, ஷாம்பு, பற்பசை 18-லிருந்து 5. வரி குறையப்போகிறது என்று ஆகஸ்ட் 15-லேயே பிரதமர் சொல்லிவிட்டதால், பெரிய பொருள் வாங்க இருந்தவர்கள் பலர் காத்திருந்தார்கள். அந்த வீடுகளில் ஓணச் செலவு குறைவாகவும் தீபாவளிச் செலவு கூடுதலாகவும் தெரியும். 2024 பில் கிடைத்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

துணியில் ஒரு நுணுக்கம். ரெடிமேட் உடுப்பு ஒன்றின் விலை 2,500 வரை 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. அதாவது 2,500 ரூபாய் சுடிதார் வரியோடு 2,625. 2,600 ரூபாய் சுடிதார் 3,068. நூறு ரூபாய் வித்தியாசம் கல்லாவில் 443 ஆகிறது. புடவை, வேட்டி, செட்டு முண்டு போன்ற தைக்காத துணிக்கு இந்த வரம்பு கிடையாது, 5 சதவீதம்தான்.

அரசுப் புள்ளிவிவரத்தை வைத்து இலக்கு போடலாமா என்று யாராவது கேட்பார்கள். 2022-23 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் கேரளக் கிராமப்புறத்தில் ஆளுக்கு மாதம் 5,924 ரூபாய், தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் 5,310. அது வருடத்தின் சராசரி. துணி, செருப்பு, வீட்டுச் சாமான் போன்றவற்றை ‘கடந்த 365 நாளில்’ என்று கேட்டு 12-ஆல் வகுத்துவிடுவார்கள். பண்டிகை மாதத்தின் மேடு அதில் கரைந்துபோகும். உங்கள் வேலைக்கு அது உதவாது.

மேட்டுப்பட்டி எழுதியது:

மேலே சொன்ன அளவெடுப்பு சரி. ஆனா உங்க கூட்டத்துக்கு எவ்வளவுங்கறதைவிட எப்போங்கறதுதான் பெரிய சிக்கல். 2026 தேதியைப் பாருங்க: திருவோணம் ஆகஸ்ட் 26, தீபாவளி நவம்பர் 8. நடுவுல 74 நாள். 2025-ல 45 நாள்தான். ஓணம் சூரிய மாசமான சிங்கத்துல (நம்ம ஆவணி) வர்ற திருவோண நட்சத்திரம். தீபாவளி தேய்பிறையை ஒட்டி வர்றது. 2026-ல அதிக மாசம் (கூடுதலா ஒரு சந்திர மாசம்) வர்றதால தீபாவளி தள்ளிப் போயிருக்கு.

இதுல ரெண்டு விஷயம். ஆகஸ்ட் 26 மாசக் கடைசி. மாசச் சம்பள வீட்டுல ஜூலைச் சம்பளம் அதுக்குள்ள தீர்ந்திருக்கும். நவம்பர் 8-க்கு அந்தத் தொல்லை இல்லை, சம்பளம் வந்த வாரமே பண்டிகை. ரெண்டாவது, மில்லு போனஸ் தீபாவளியை ஒட்டித்தான் கைக்கு வரும், ஓணத்துக்கு வராது. சட்டப்படி போனஸ் 8.33 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, 20-க்கு மேலே போகாது. எந்த மில்லு எவ்வளவு தரும்னு முன்கூட்டியே எண்ணி இலக்கைக் குறைச்சுக்காதீங்க, 8.33 மட்டும் கணக்குல வைங்க.

கேரள அரசு 2025 ஓணத்துக்கு ஊழியர்களுக்கு 4,500 போனஸ், போனஸ் வரம்புக்கு வெளியே இருக்கறவங்களுக்கு 3,000 பண்டிகைப்படி, கேட்டவங்களுக்கு 20,000 முன்பணம்னு அறிவிச்சது. முன்பணம் வருமானம் இல்லீங்க, பின்னாடி சம்பளத்துல பிடிப்பாங்க. அதை வாங்கி ஓணத்துல செலவு பண்ணினா தீபாவளிச் சம்பளம் சுருங்கித்தான் வரும். தொழிலுறுதியில 100 நாள் முடிச்சவங்களுக்கு அந்த வருஷம் 1,200 படி. உங்க நாலு பேரும் 100 நாள் முடிக்கலைன்னா அதையும் எண்ண வேண்டாம்.

இப்ப அட்டவணை. ஒரு வீட்டுக்கு ஓணம் 6,000, தீபாவளி 8,000-னு வைங்க (உங்க அளவெடுப்புல வர்ற தொகையை இங்க போட்டுக்குங்க). மொத்தம் 14,000. ஜனவரி முதல் அக்டோபர் வரை 10 மாசம், மாசம் 1,400. ஜூலை முடிவுல 9,800 இருக்கும். ஆகஸ்ட் 10 வாக்குல 6,000 எடுத்துக் குடுத்துட்டா மிச்சம் 3,800. ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மூணு தவணை 4,200. சேர்ந்தா 8,000. அக்டோபர் 25-க்குள்ள குடுத்துடலாம். ஓணத்துக்குக் கூட எடுத்தா இந்தச் சங்கிலி அறுந்துடும், அதனால 6,000-ங்கறதை முதல் மாசமே மினிட்ஸ்ல எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டுடுங்க.

ஆகஸ்ட் மாசத் தவணைதான் நிக்கும். கையில பணம் வந்த சூட்டோட திரும்பக் கட்டச் சொன்னா யாரும் கட்ட மாட்டாங்க. 6,000 குடுக்கும்போதே ஆகஸ்ட் தவணையைக் கழிச்சு 4,600 கையில குடுக்கறது ஒரு வழி. அப்படிச் செஞ்சா ஓணத்துக்கு 4,600-தான்னு முன்னாடியே தெரியோணும்.

பட்டியல்ல யாரும் எழுதாத செலவு ஒண்ணு இருக்குங்க. 2025 ஓணத்தை ஒட்டிப் பத்து நாள்ல கேரளாவுல பெவ்கோ (அரசு மதுக்கடை) விற்பனை மட்டும் 826 கோடி. அதுக்கு முந்தின வருஷம் 776 கோடி. அப்புறம் திருவோணம் பம்பர், ஒரு சீட்டு 500 ரூபாய். தமிழ்நாட்டுல 2003 முதல் லாட்டரி கிடையாதுங்கறதால வாளையார், கோபாலபுரம் பக்கம் வாங்கற கூட்டம் தெரிஞ்சதுதான். வீட்டுக்கு வீடு கேட்டா இல்லைன்னுதான் சொல்வாங்க. ‘இதரம்’னு ஒரு வரி போட்டு ஆளுக்கு ஒரு தொகை வைங்க, எதுக்குன்னு கேக்காதீங்க.

தோவாளை வடக்குத்தெரு எழுதியது:

பூவைப் பத்தி மட்டும் சொல்லுதேன். ஓணத்துக்கு எங்க ஊர் மார்க்கெட்ல இருந்து கேரளாவுக்குத்தான் லோடு போகும்: கேந்தி (செண்டுமல்லி), வாடாமல்லி, கோழிக்கொண்டை, அரளி. உங்களுக்குக் கோயமுத்தூர் கிட்ட, ஆனா விலை ஏறுத விதம் ஒண்ணுதான். அத்தத்துல (ஓணப் பத்து நாள்ல முதல் நாள்) ஏற ஆரம்பிக்கும், திருவோணத்துக்கு முந்தின உத்திராடம் காலையில உச்சி, திருவோணம் மத்தியானம் கேக்க ஆளில்ல.

அத்தப்பூக்களத்தோட விட்டம் ரெண்டு மடங்கானா பூ நாலு மடங்கு ஆகும். மூணடிக் களத்துக்கு வாங்குன பூ ஆறடிக்குப் பாதிதான் குறையும்னு நெனச்சா முக்கால் களம் வெறுமையாக் கெடக்கும். நாலடிக் களத்துக்கு அடர்த்தியைப் பொறுத்து 2 முதல் 3 கிலோ உதிரி வேணும். முதல் எட்டு நாள் தும்பை, துளசி, வேலியில பூத்ததை வச்சுச் சின்னதாப் போடுங்க. பச்சை நிறத்துக்குப் பூ வாங்காதீங்க, எலையைப் பொடியா நறுக்குனாப் போதும்.

வாடாமல்லி வாடாது, ரெண்டு நாள் முன்னாலயே வாங்கலாம். கேந்திய மழை பெஞ்ச அன்னைக்கு எடைக்கு வாங்காதீங்க, தண்ணிக்கும் சேத்துக் காசு குடுக்கியோம். ராத்திரியே இதழ் பிச்சு வைக்கணும்னா ஈரத்துணியில பரத்தி வையுங்க. பிளாஸ்டிக் கவருல கட்டுனா விடியுமுன்ன கறுத்துப்போகும். 12 வீட்டுக்கும் சேத்து ஒரே எடத்துல எடுத்தா மொத்த வெலைக்கு கெடைக்கும். ஆளாளுக்கு அரைக் கிலோ வாங்குனா சில்லறை வெலைதான்.

எல்லைச்சாவடி எழுதியது:

ரொம்ப உபகாரமுங்க. பிப்ரவரிக் கணக்கு எடுத்துடறோம். ஆனா பொருளாக் குடுக்கற விஷயம் யாரும் சொல்லலையே? சிப்ஸ், சர்க்கரை வரட்டி (வெல்லம் பூசின நேந்திரங்காய் வறுவல்), பலகாரம் கூட்டமாச் செஞ்சா மிச்சமாகுமா? இன்னொண்ணு, பக்கத்து ஊர்ல ஒருத்தர் தீபாவளிச் சீட்டு நடத்தறார், மாசம் 500 கட்டினா இனிப்பு, பட்டாசு, வெள்ளிக்காசுங்கறார். அதுல சேந்துட்டா நமக்கு வேலை மிச்சம்னு சிலர் சொல்றாங்க.

கல்லாக்கணக்கு எழுதியது:

சிப்ஸ் கூட்டமாகச் செய்யுங்கள், மற்றதைப் பணமாகக் கொடுங்கள். காரணம் எண்ணெய். ஒரு கிலோ சிப்ஸுக்குப் பச்சை நேந்திரங்காய் தோலோடு மூன்றரைக் கிலோ பிடிக்கும். எண்ணெய் கால் லிட்டருக்குக் குறையாமல் உறிஞ்சும். ஆனால் சட்டியில் ஊற்றுவது ஒரு லிட்டராவது வேண்டும். 12 வீட்டில் தனித்தனியாக வறுத்தால் 12 சட்டியிலும் முக்கால் லிட்டர் பழைய எண்ணெய் நிற்கும். வீட்டுக்கு ஒரு கிலோ வீதம் ஒரே உருளியில் வறுத்தால் காய் 42 கிலோ, உறிஞ்சும் எண்ணெய் 3 லிட்டருக்கு மேல், கடைசியில் மிஞ்சுவது ஒரு சட்டி அளவுதான். 2025-ல் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400-ஐத் தாண்டியதை நினைத்தால் மிச்சம் எங்கே என்று புரியும்.

பாலடைப் பாயசத்தை மட்டும் மொத்தமாகச் செய்து பங்கிடாதீர்கள். 200 கிராம் அடைக்கு (பாயசத்தில் போடும் அரிசிமாவுத் துண்டு) 2 லிட்டர் பால், 400 கிராம் வரை சர்க்கரை, ஒரு வீட்டுக்குத் தாராளம். காலையில் வைத்துப் பங்கு போவதற்குள் அடை பாலை இழுத்துக் கெட்டியாகிவிடும், பிறகு ஒவ்வொரு வீட்டிலும் பால் ஊற்றித் திரும்பக் காய்ச்சுவார்கள்.

மளிகையைக் கூட்டாகக் கொள்முதல் செய்யும் முன் சப்ளைகோவில் (கேரள அரசின் மளிகைக் கடை) கிடைப்பதைக் கழித்துவிடுங்கள். ரேஷன் கார்டுக்கு 13 பொருள் மானிய விலையில் அங்கே கிடைக்கும். அதே உளுந்தையும் பயறையும் பொள்ளாச்சியில் மூட்டையாக வாங்கிப் பிரித்தால் வண்டி வாடகையோடு சேர்த்துக் கூடுதலாகத்தான் வரும். கைத்தறிப் புடவை வேண்டியவர்களுக்குத் தீபாவளி நேரம் கோ-ஆப்டெக்ஸில் 30 சதவீதத் தள்ளுபடி உண்டு.

பக்கத்து ஊர்ச் சீட்டு வேண்டாம். பதிவில்லாமல் வெளியாட்களிடம் வைப்பு வாங்குவதை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. பணம் போன பிறகு புகார் கொடுப்பதற்குத்தான் அது உதவும். பொருளில் இன்னொரு ஓட்டையும் உண்டு: வெள்ளிக்காசின் எடையையும் பட்டாசுப் பெட்டியின் விலையையும் நடத்துபவரே வைக்கிறார், பில் வராது. பட்டாசு ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது இணைப்பு அனுப்பினால் பணம் கட்டாதீர்கள். இணையவழிப் பட்டாசு விற்பனையை உச்ச நீதிமன்றம் 2018-லேயே தடுத்துவிட்டது. எல்லை தாண்டி வாங்கி வருபவர்கள் ரயிலில் கொண்டுவரக் கூடாது. ரயில்வே சட்டம் 164-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை.

மேட்டுப்பட்டி எழுதியது:

ஒண்ணே ஒண்ணு சேத்துக்கறேன். நடுவுல நிக்கறவங்களுக்கு என்ன பண்ணறதுன்னு ஜனவரியிலயே எழுதுங்க. கட்டினதை அப்பவே திருப்பிக் குடுக்கறதுன்னு வெச்சா ஜூன்ல பள்ளிக்கூடச் செலவுக்குப் பாதிப் பேர் நின்னுடுவாங்க. கட்டின தொகை முழுசும், ஆனா ஆகஸ்ட் 10-க்குத்தான்னு வைங்க. ஒரு தவணை தவறினா அபராதம் போடாதீங்க; அவங்க ஓணப் பங்குல அந்த 1,400-ஐக் கழிச்சுக்கலாம். பணம் அயல்கூட்டம் பேர்ல வங்கியில, தலைவி, செயலாளர் ரெண்டு கையெழுத்துல இருக்கட்டும். உள்கடனுக்கு இதைத் தொடக் கூடாது, அதுக்கு வாராந்தரச் சேமிப்பு தனியா இருக்குதல்லங்க. ஒரே கணக்கா இருந்தாலும் பேரேட்டுல ரெண்டு பக்கமா எழுதுங்க.