கடலூர் ரேரா பதிவை வைத்து பாகூர் பக்கம் மனை விற்கலாமா?

கெடிலக்கரை:
வணக்கம். மஞ்சக்குப்பத்தில் ஆபீஸ் போட்டு மனைத் தரகை முறைப்படி ஆரம்பிக்க எண்ணம். ரெட்டிச்சாவடியில் ஒரு லேஅவுட், பாகூர் பக்கம் கன்னியக்கோவிலில் ஒன்று, இரண்டுக்கும் ஆள் கூட்டி வரச் சொல்கிறார்கள். ஒரே ரேரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு போதுமா? பரீட்சை உண்டா? பழைய வீடு முடித்துக் கொடுக்கவும் பதிவு வேண்டுமா?

பாகூரான்:
போதாது. ரெட்டிச்சாவடி தமிழ்நாடு, முள்ளோடை தாண்டினால் புதுச்சேரி. ஏஜென்ட் பதிவு ஒரு மாநிலம் அல்லது யூனியன் பிரதேசம் முழுக்கச் செல்லும், எல்லைக்கு அந்தப்பக்கம் செல்லாது. தமிழ்நாட்டு ஆணையத்தில் அந்தமான்கூட அடக்கம், கன்னியக்கோவில் கிடையாது! புதுச்சேரிக்குத் தனி ஆணையம், தனி விண்ணப்பம், தனிக் கட்டணம்.

பரீட்சையை 2023-ல் மகாராஷ்டிரா கட்டாயமாக்கியது. 2016 மத்திய சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை.

பழைய வீடு, தனி மனை மறுவிற்பனைக்கு ரேரா கேட்காது. ஆணையத்தில் பதிவான திட்டத்தில் விற்றுக் கொடுக்கத்தான் ஏஜென்ட் பதிவு. 500 சதுர மீட்டருக்கு (சுமார் 12 சென்ட்) மேற்படாத நிலம், அல்லது எட்டுக்கு மேற்படாத ஃபிளாட் என்றால் திட்டத்துக்கே பதிவு தேவையில்லை. ஆனால் 'முதல் கட்டம் ஆறு ஃபிளாட், அடுத்த கட்டம் ஆறு' என்று பிரித்துக் காட்டுவது எடுபடாது. எல்லாக் கட்டமும் சேர்த்துத்தான் கணக்கு.

கணக்குப்பிள்ளை:
விண்ணப்பம் ஆன்லைனில். பான், போட்டோ, ஆபீஸ் முகவரிச் சான்று, மூன்று வருட வருமான வரிக் கணக்கு. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர்கள் அதை உறுதிமொழியாகக் கொடுக்கலாம். கூட்டு நிறுவனம் என்றால் அதன் பதிவுப் பத்திரங்களும் வேண்டும். தமிழ்நாட்டின் 2017 விதிகளில் கட்டணம் தனிநபருக்கு 25,000, மற்றவர்களுக்கு 50,000 என்று வைத்தார்கள். கட்டும் முன் தளத்தில் இப்போதைய தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவு ஐந்து வருடம் செல்லும், முடிய மூன்று மாதம் இருக்கும்போதே புதுப்பிக்க மனு போடுங்கள்.

கமிஷன், பிற சேவை எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி, 18 சதவீதம். கடலூர் ஆபீசிலிருந்து கன்னியக்கோவில் மனைக்கு பில் போட்டால் அது ஐஜிஎஸ்டி (மாநில எல்லை தாண்டும் சேவைக்கான ஜிஎஸ்டி), ஏனென்றால் சொத்து எங்கே இருக்கிறதோ அதுதான் சேவை நடந்த இடம்.

வில்லங்கம்:
சான்றிதழ் வாங்குவது சுலபம், மாட்டிக்கொள்வது அதற்கப்புறம். 'டிடிசிபி அப்ரூவல் இருக்கு' என்பதும் ரேரா எண்ணும் ஒன்றல்ல. முன்னது நகர் ஊரமைப்பு இயக்ககம் லேஅவுட் வரைபடத்துக்குத் தரும் அனுமதி, பின்னது திட்டம் ஆணையத்தில் பதிவானதற்கான எண். ரேரா எண் வராமல் விளம்பரமே செய்யக்கூடாது, புக்கிங் அதற்கப்புறம்தான். 'எண் அடுத்த வாரம் வந்துடும், இப்பவே டோக்கன் போடுங்க' என்பார்கள். அந்தத் திட்டத்தை நீங்கள் விற்றால் தவறு உங்கள் பேரிலும்தான்: நாளுக்கு 10,000 ரூபாய், சொத்து விலையில் 5 சதவீதம் வரை ஏறும்.

டோக்கனை உங்கள் கணக்கில் வாங்காதீர்கள், புரோமோட்டர் (மனை போட்டு விற்பவர்) கணக்கிலேயே போடச் சொல்லுங்கள். விற்பனை ஒப்பந்தம் பதிவாகும் முன் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க அவருக்கும் உரிமையில்லை. உங்கள் பதிவு எண் ஒவ்வொரு விற்பனையிலும் இருக்க வேண்டும்.

கெடிலக்கரை:
நன்றி. ஆள் அனுப்பி வைத்துவிட்டு வெறும் அறிமுகக் கமிஷன் மட்டும் வாங்கினால்?

வில்லங்கம்:
அதுவும் ஏஜென்ட் வேலைதான். வாங்குபவரையும் விற்பவரையும் அறிமுகப்படுத்திப் பணம் வாங்குபவர் புரோக்கர், இடைத்தரகர், என்ன பெயர் வைத்துக்கொண்டாலும் சட்டத்துக்குள் வருவார். கன்னியக்கோவில் லேஅவுட்டை புதுச்சேரிப் பதிவு கைக்கு வந்தபின் தொடுங்கள்.