கன்று போடாத மாடு கறக்குமா? மைன்கிராஃப்ட் பண்ணைக்கு ஒரு யோசனை

தொழுவத்துக்காரன்:
நேற்று நாம் சேர்ந்து மைன்கிராஃப்ட் கணினி விளையாட்டு ஆடும் சர்வரின் அரட்டையில் ஒருவர், "மைன்கிராஃப்டில் ஆடு மாடு வளர்ப்பு முழுமையாக இருக்கிறது, இனி சேர்க்க ஒன்றுமில்லை" என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. என்ன முழுமை? வாளியோடு போய் மாட்டின் மேல் ஒரு கிளிக், பால். அடுத்த நொடி இன்னொரு வாளி, இன்னொரு பால். அது தின்றதா, கன்று போட்டதா, எதுவும் கணக்கில்லை. 2025 மார்ச்சில் 1.21.5 பதிப்பு வந்தபோது மாடு, பன்றி, கோழி மூன்றுக்கும் குளிர்ப் பிரதேசத்துக்கு ஒரு தோற்றம், வெப்பப் பிரதேசத்துக்கு ஒரு தோற்றம் என்று சட்டை மாற்றினார்கள். மடி அப்படியே.

என் யோசனை: தீவனத் தொட்டி என்று ஒரு பிளாக், அதாவது இந்த உலகத்தைக் கட்டும் கனசதுரக் கட்டிகளில் புதிதாக ஒன்று. ஒன்பது கோதுமையில் செய்கிறோமே வைக்கோல் கட்டு, அதை அதில் போட வேண்டும். கோதுமை கொடுத்து இணை சேர்த்ததும் கன்று பொத்தென்று விழக்கூடாது, தாய் மூன்று விளையாட்டு நாள் சினையாக இருக்கட்டும். கன்று ஈன்ற பிறகுதான் பால். முதல் இரண்டு வாளி சீம்பால், மஞ்சளாக இருக்கும், குடித்தால் உயிரைக் காட்டும் இதயக் கணக்கு ஏறட்டும். தொட்டி காலியானால் மடி வற்றிவிட வேண்டும்.

ரெட்ஸ்டோன்_ராசா:
அண்ணே, விளையாட வந்தோமா, பால் சொசைட்டியில் வேலைக்குச் சேர்ந்தோமா? கேக்குக்கு மூன்று வாளி பால், இரண்டு சர்க்கரை, ஒரு முட்டை, மூன்று கோதுமை. அந்த மூன்று வாளிக்காக நான் மாட்டுக்குப் பிரசவம் பார்க்க வேண்டுமா?

தொழுவத்துக்காரன்:
கன்று போடாத மாடு கறக்குமா, கறக்காதா? அதற்குப் பதில் சொல்லுங்கள் தம்பி.

ரெட்ஸ்டோன்_ராசா:
மரத்தின் அடியை வெட்டினால் மேல்பாதி அந்தரத்தில் நிற்கிறது, அதைக் கேட்க மாட்டீர்கள். சிவப்புக் காளான் மாட்டின் மடியில் கிண்ணத்தை வைத்தால் காளான் சூப் வருகிறது, சூடாக! அந்த மாடு எத்தனையாவது ஈத்து அண்ணே?

கேக்_பிரியை:
😂 சூப்புக்கும் சீம்பால் உண்டா?

தொழுவத்துக்காரன்:
கிண்டல் பண்ணத் தெரிகிறது, பதில் வரவில்லை. செம்மறியை எடுத்துக்கொள்ளுங்கள். ரோமம் வெட்டிய பிறகு அது தலையைக் குனிந்து புல்லைத் தின்கிறது, பச்சை பிளாக் மண்ணாக மாறுகிறது, அதன் பிறகே ரோமம் திரும்ப வருகிறது. புல் இல்லாத கல் தரையில் அடைத்துப் பாருங்கள், மொட்டையாகவே நிற்கும். செம்மறிக்கு இருக்கும் நியாயம் மாட்டுக்கு ஏன் இல்லை?

இருட்டுக்குகை:
பாலை விடுங்கள், தோல் என்ன ஆவது? ஆயுதத்துக்கு மந்திர சக்தி ஏற்றும் மந்திர மேசை முழு வலுவுக்கு வர 15 புத்தக அலமாரி வேண்டும். ஒன்றுக்கு மூன்று புத்தகம், புத்தகத்துக்கு ஒரு தோல், ஆக 45 தோல். மாட்டை வெட்டினால் ஒன்றுமில்லாமலும் போகும், அதிகம் போனால் இரண்டு. இப்போது ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இணை சேர்க்கலாம், கன்று 20 நிமிடத்தில் வளர்ந்துவிடும். மூன்று நாள் சினை என்றால் ஒவ்வொரு கன்றுக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். புதிதாக வருகிறவன் ஓடிவிடுவான்.

கேக்_பிரியை:
விளையாட்டு ஊரில் வியாபாரம் செய்யும் நூலகரிடம் மரகதம் கொடுத்தால் அலமாரியே கிடைக்கும். இன்னும் தோல் சேர்க்கிற ஆள் இருக்கிறாரா?

இருட்டுக்குகை:
ஊரையே சுவர் கட்டி அடைத்துவைத்து வியாபாரம் செய்பவர்கள் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

தொழுவத்துக்காரன்:
தோலைப் பற்றி நான் பேசவே இல்லை. பால். கன்று போடாத மாடு எப்படிக் கறக்கும்? எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து மாடு உண்டு, கிடாரி சினை பிடித்து, கன்று ஈன்று, அப்புறம்தான் செம்பை எடுப்போம். பாக்கெட் பாலைக் கத்தரித்து ஊற்றியே வளர்ந்தவர்களுக்கு இது விளங்காது.

ரெட்ஸ்டோன்_ராசா:
வந்துவிட்டதா தாத்தா புராணம். சரி, நிஜம்தானே வேண்டும்? பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாள். விளையாட்டில் ஒரு நாள் 20 நிமிடம். 5,600 நிமிடம், அதாவது 93 மணி நேரத்துக்கு மேல். கணக்குப்படி வையுங்கள். மூன்று நாளில் கன்று போடுவது மட்டும் உங்கள் தாத்தா தொழுவத்தில் நடந்ததா?

தொழுவத்துக்காரன்:
அது விளையாட்டுக்காகச் சுருக்கியது!

ரெட்ஸ்டோன்_ராசா:
அதையே இன்னும் கொஞ்சம் சுருக்கி பூஜ்யமாக்கி வைத்திருக்கிறார்கள். முடிந்தது.

எண்டர்_அக்கா:
இருவரும் கத்துவதற்கு நடுவில் ஒன்று சொல்கிறேன். கன்று போடாத மாட்டையும் ஹார்மோன் ஊசி போட்டுக் கறக்க வைப்பது உண்டு. அதனால் "கறக்கவே கறக்காது" என்று அடித்துச் சொல்ல முடியாது.

தொழுவத்துக்காரன்:
அக்கா, இதைத்தான் எதிர்பார்த்தேன். கன்று வேண்டாம், ஊசி போடுங்கள்! மைன்கிராஃப்டில் ஊசி எங்கே இருக்கிறது? நாம் ஆட்டிவைக்கும் பொம்மை ஸ்டீவ் என்ன கால்நடை மருத்துவரா?

எண்டர்_அக்கா:
ஊசி சேருங்கள் என்று நான் எங்கே சொன்னேன்? வாயில் வந்ததை என் தலையில் கட்டாதீர்கள்.

கேக்_பிரியை:
ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை விளையாட்டில் தீவனம் உண்டு, சைலோ என்ற தீவனக் கிடங்கு ஒன்றில் 240 வைக்கோல் கொள்ளும். ஆனால் அங்கேயும் மாடு வளர்ந்தால் போதும், கன்று போடாமலே கறக்கும். பண்ணைக்கென்றே எடுத்த விளையாட்டே கேட்காததை அண்ணன் கேட்கிறார்.

தொழுவத்துக்காரன்:
அவர்கள் செய்ததும் தப்புதான். ஊரே தப்பாகச் செய்தால் சரியாகிவிடுமா? மைன்கிராஃப்டை மாற்றி ரசிகர்கள் செய்த டெர்ராஃபர்மாகிராஃப்ட் என்ற மோடில் (mod) தீனி போட்டுப் பழக்கினால்தான் மாடு பால் தரும், அதையும் ஆயிரக்கணக்கானோர் விளையாடத்தான் செய்கிறார்கள்.

இருட்டுக்குகை:
அப்போ அந்த மோடைப் போட்டுக்கொண்டு நிம்மதியாக விளையாடலாமே. எங்கள் கேக்கில் ஏன் கை வைக்கிறீர்கள்?

ரெட்ஸ்டோன்_ராசா:
சரியான கேள்வி. இன்னொன்று, மாட்டுக்காக இவ்வளவு உருகும் அண்ணன், போன சர்வரில் ஒரே பிளாக் குழிக்குள் 24 மாட்டை ஒன்றன்மேல் ஒன்றாகத் திணித்து வைத்திருந்தார். 25ஆவது விழுந்தால் நசுங்கிச் சாகும் என்று எண்ணி எண்ணி நிறுத்தினார். அவற்றுக்கு யார் தொட்டி வைத்தது?

தொழுவத்துக்காரன்:
விளையாட்டு இப்படி இருப்பதால்தான் அப்படிச் செய்ய வேண்டியிருக்கிறது. என் யோசனை வந்தால் குழியில் எவனும் அடைக்க மாட்டான். அதோடு அந்தக் குழியைத் தோண்டிவிட்டு மாடுகளைக் காட்டுக்குள் விரட்டிய புண்ணியவான் யார் என்பது எனக்குத் தெரியும். இங்கேதான் இருக்கிறார்.

ரெட்ஸ்டோன்_ராசா:
ஆதாரம்?

தொழுவத்துக்காரன்:
ரெட்ஸ்டோன் தூள், அதுதான் மின்கம்பி மாதிரி பொறிகளை இயக்கும் சிவப்புத் தூள், சிந்திக் கிடந்தது. உங்கள் பெயரிலேயே இருக்கிறதே.

கேக்_பிரியை:
அந்தத் தூள் என்னுடையது. மாட்டை நான் தொடவில்லை, தண்டவாளம் போட வந்தேன்.

எண்டர்_அக்கா:
ஆடும் வாளியில் பால் தருகிறதே, அதற்கும் குட்டி போட்டிருக்க வேண்டுமா?

தொழுவத்துக்காரன்:
கண்டிப்பாக. குட்டி போடாத ஆடு கறக்குமா?

ரெட்ஸ்டோன்_ராசா:
கோழியை மறந்துவிட்டீர்கள். சேவலே இல்லாத உலகத்தில் 5 முதல் 10 நிமிடத்துக்கு ஒரு முட்டை, அதை எறிந்தால் குஞ்சு வேறு. அதற்கு என்ன திட்டம்?

தொழுவத்துக்காரன்:
கோழிக்குத் தனியாக எழுதுகிறேன். முதலில் தண்டவாளம் போட என் குழிப் பக்கம் வர வேண்டிய அவசியம் என்ன என்று அந்தப் பெண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். ரயில் நிலையம் நேர் எதிர்த்திசையில் இருந்தது.