வைட்டமின் டி 60,000 யூனிட்: இதயத்துக்காக வாராவாரம் தொடரலாமா?

செந்தில்_மதுரை:
அப்பாவுக்கு வயது 66. பி.பி.க்கு டெல்மிசார்ட்டானும் குளோர்தாலிடோனும் சேர்ந்த மாத்திரை. ரத்தத்தில் வைட்டமின் டி மில்லிக்கு 13 நானோகிராம் என்று வந்ததால் வாரம் ஒரு 60,000 கேப்ஸ்யூல், 8 வாரத்துக்கு எழுதித் தந்தார்கள். அது முடிந்துவிட்டது. "ஹார்ட்டுக்கு நல்லது, நிறுத்தாதே" என்று சொந்தக்காரர்கள் சொல்வதால் அப்படியே தொடரப் பார்க்கிறார். மாரடைப்பைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் உண்டா?

மருத்துவர்_கி:
13 என்பது மெய்யான குறைபாடுதான். எலும்புக்கும் தசைக்கும் அந்த 8 வாரம் தேவைப்பட்டது. இதயத்தின் கதை வேறு.

டி குறைந்தவர்களிடம் இதயநோய் கூடுதலாக இருப்பது பல ஆய்வுகளில் தெரிந்தது. ஆனால் உடல்பருமனும், வெளியே நடமாட முடியாத உடல்நிலையும், நாள்பட்ட சிறுநீரக நோயும் டி-யையும் குறைக்கும், இதயத்தையும் கெடுக்கும். மருந்தாகக் கொடுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அமெரிக்காவின் வைட்டல் ஆய்வில் 25,871 பேர். பாதிப் பேருக்குத் தினம் 2,000 யூனிட், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. சுமார் 5.3 ஆண்டு கழித்து மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றையும் சேர்த்து எண்ணினால் டி எடுத்தவர்களில் 396 பேர், எடுக்காதவர்களில் 409 பேர். வித்தியாசமே இல்லை. நியூசிலாந்தில் மாதம் 1 லட்சம் யூனிட் கொடுத்த விடா ஆய்விலும் இதே கதை: டி எடுத்தவர்களில் 11.8 சதவீதம் பேருக்கு இதயநோய், எடுக்காதவர்களில் 11.5 சதவீதம்.

உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமானது ஆஸ்திரேலியாவின் டி-ஹெல்த். 60 வயது தாண்டிய 21,315 பேர், நம் ஊர் கேப்ஸ்யூலின் அதே 60,000 யூனிட், ஆனால் மாதம் ஒன்று. மாரடைப்பு போன்ற பெரிய இதயப் பாதிப்பு வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 6.6 சதவீதம், டி எடுத்தவர்களில் 6.0. தற்செயலாகவும் வந்திருக்கக்கூடிய அளவு வித்தியாசம்தான் இது. இதை நம்பி மருந்து எழுத முடியாது.

ரமா_சத்துணவு:
அந்த ஆய்வுகளில் பெரும்பாலோருக்குக் குறைபாடே இல்லையே, நம் மக்களுக்கு அது எப்படிப் பொருந்தும்?

மருத்துவர்_கி:
நியாயமான கேள்வி. வைட்டலில் சராசரியே 30 நானோகிராமுக்கு மேல். ஆனால் விடாவில் கிட்டத்தட்ட கால்வாசிப் பேர் 20-க்குக் கீழே, அதாவது குறைபாட்டோடு இருந்தார்கள். அவர்களைத் தனியே பார்த்தபோதும் இதயத்துக்குப் பலன் தெரியவில்லை. 10-க்கும் கீழே உள்ளவர்களைப் பற்றி இவற்றை வைத்து உறுதியாகப் பேச முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர்களுக்கு எலும்புக்காகவே டி கொடுத்தாக வேண்டும்.

மருந்தாளுநர்_திருச்சி:
செந்தில், கணக்கைப் பாருங்கள். வாரம் 60,000 என்றால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 8,570 யூனிட். மேற்பார்வை இல்லாமல் தொடர்ந்து எடுக்கப் பெரியவர்களுக்கான உச்சவரம்பு 4,000. மாதம் ஒன்று என்றால் தினம் 2,000 கணக்கு, வரம்புக்குள் நிற்கும்.

அப்பா விஷயத்தில் எனக்கு உறுத்துவது குளோர்தாலிடோன். சிறுநீரில் கால்சியம் வெளியேறுவதை அது குறைக்கும். டி-யோ குடலிலிருந்து கால்சியத்தைக் கூடுதலாக உறிஞ்ச வைக்கும். இரண்டும் சேர்ந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறலாம். அளவுக்கு மீறிய தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குமட்டல், குழப்பமான பேச்சு இவைதான் அறிகுறிகள். சர்க்கரை என்றோ வயசு என்றோ நினைத்து விட்டுவிடுவார்கள். டிகாக்சின் என்ற இதய மருந்து எடுப்பவருக்கு இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். இதயத்துக்காக என்று எடுத்தது இதயத்தையே தாக்கும்.

அடிக்கடி நடக்கும் தவறு, வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று போட்டுவிடுவது. அட்டையிலேயே கிழமையை எழுதி ஒட்டுங்கள். கால்சிட்ரியால் என்பது டி-யின் நேரடியாக வேலை செய்யும் வடிவம், வேறு மருந்து. டி-தானே என்று மாற்றி வாங்கக் கூடாது.

செந்தில்_மதுரை:
கால்சியம் 500 மாத்திரையும் தினம் போடுகிறார். வெயிலில் நின்றால் போதாதா?

மருந்தாளுநர்_திருச்சி:
அப்படியென்றால் வாராந்திர கேப்ஸ்யூலை இப்போதே நிறுத்திவிட்டு, ரத்தத்தில் கால்சியம், ஆல்புமின் (கால்சியம் ஒட்டியிருக்கும் புரதம்), கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) மூன்றும் பாருங்கள். கால்சியம் மாத்திரை வேண்டுமா என்பதையும் அந்த ரிப்போர்ட்டை வைத்து டாக்டரிடம் கேளுங்கள். டி அளவை அவசரமாகப் பார்க்க வேண்டாம். அது மெதுவாக மாறுவது, கடைசி கேப்ஸ்யூலிலிருந்து 3 மாதம் போகட்டும். மாதம் ஒன்று எழுதினால் எண்ணெயோ நெய்யோ சேர்ந்த மதியச் சாப்பாட்டோடு கொடுங்கள், நன்றாக உறிஞ்சப்படும்.

இளவெயிலில் டி அதிகம் உருவாகாது. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக விழும் நேரத்தில்தான் தேவையான கதிர் கிடைக்கும். கையும் காலும் தெரிய 15 நிமிடம் நின்றால் ஓரளவு உதவும்; ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்தால் பயனில்லை.